கட்டைவிரலை எடுத்தவன்

ஒரு கணவாய் மீனுக்காக ஒரு மனிதன் கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொள்வானா? சட்டியில் கொதிக்கிற கணவாய் என்றாலும் மன்னிக்கலாம். ஏலத்துக்கு வந்த கணவாய் என்றால் பேசிப் பார்க்கலாம். இதுவோ போனுக்குள் நீந்துகிற கணவாய். தொட்டால் விரலில் கண்ணாடிதான் தட்டுப்படும். அதற்காகத் திரேஸ்புரத்தில் ஜெனோ என்கிற சங்குகுளிகாரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், விடிந்தும் விடியாமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஏஞ்சலினுக்கு வந்த ஆத்திரத்தில் குசினிப் பாத்திரங்கள்தான் பாடுபட்டன. கோபம் வராதா பின்னே? கச்சான் காற்று அடித்து அடித்துக் கடல் கலங்கிக் கிடந்தது. தரை தெரியாத தண்ணீரில் சங்கு எடுக்க முடியாது. ஒருவழியாகக் காற்று விழுந்து தண்ணீர் தெளிந்த முதல் நாள் இது. தெருவில் இருந்த சங்குகுளிகாரர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். வள்ளத்துக்காரர் ஜேசுபாதம் டீசல் ஊற்றி, கம்ப்ரசரைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டார். ஜெனோ எழுந்திருக்கவில்லை.

"ரெனிஷ்கூட நான் கடலுக்கு வரமாட்டேன் அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னான்.

ரெனிஷ் வேறு யாருமில்லை, ஏஞ்சலினின் கூடப்பிறந்த தம்பி. ஜெனோவுக்குக் கயிறு பிடிக்கிறவன்.

இந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சங்கு எடுக்க இறங்குகிறவனுக்கு வாயில் காற்று டியூப், இடுப்பில் கயிறு. டியூபின் மறுமுனை வள்ளத்தில் ஓடுகிற கம்ப்ரசரில் இருக்கும். கயிற்றின் மறுமுனை மேலே இருப்பவன் கையில் இருக்கும். தண்ணீருக்குள் பேச்சு ஏது? கயிறுதான் பேச்சு. கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால் நலம் என்று அர்த்தம். மேலே இருப்பவனும் ஒரு இழுப்பு பதில் கொடுக்கவேண்டும். இரண்டு இழுப்பு வந்தால் பை நிறைந்துவிட்டது, தூக்கு. விடாமல் இழுத்தால் ஆளையே தூக்கு.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்து ஒரே வழக்கம்தான். மச்சான் பிடிக்கவேண்டும், மனைவியின் உடன்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கமாட்டார்கள். ஏதாவது ஆகிவிட்டால், சொத்தில் பங்கு கூடும் என்றுதான் விட்டான் என்று ஊர் வாய் கூசாமல் பேசும். மச்சான் விஷயம் வேறு. அவன் கை தளர்ந்தால் அறுவது அவனுடைய அக்கா தாலி. அந்தப் பயம் ஒன்றே போதும், கயிறு கையை விட்டுப் போகாது என்று பெரியவர்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். தாலியைக் கழுத்தில் போட்டிருக்கிறவளை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அடகு வைத்த பொருளிடம் யார் யோசனை கேட்பார்கள்?

சரி, கணவாய்க்கு வருவோம்.

கடல் கலங்கிக் கிடந்த நாட்களில் அத்தானும் மச்சானும் சேர்ந்து பிடித்துக்கொண்ட விளையாட்டு அது. பெயர் நீலப்பார். இரண்டு பேர் இரண்டு போனில் ஆடவேண்டும். ஒருவன் கடலுக்குள் குதிப்பான், மற்றவன் படகில் இருப்பான். குதித்தவனுடைய திரையில் கடலடி விரியும். பவளப் புதர்கள், உடைந்த கப்பல், பாசிக் காடு என்று இடம் இடமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு உயிர் ஒளிந்திருக்கும். தேடிக் கண்டுபிடிக்கவேண்டும், பக்கத்தில் போகவேண்டும், அது மிரளாமல் வலையை வீசவேண்டும். படகில் இருப்பவன் திரையிலோ ஒரே ஒரு கயிறு, அதன் மேல் ஒரு வட்டம். மூலையில் மட்டும் குதித்தவன் பார்க்கிற காட்சி சின்னதாகத் தெரியும். அவனுக்கு வேலை ஒன்றே ஒன்று. வட்டத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கவேண்டும். விரலை எடுத்தால் கயிறு போயிற்று. கயிறு போனால் குதித்தவன் மூழ்கிவிடுவான். அவன் பையில் இருந்த உயிர்களும் கடலுக்கே திரும்பிவிடும்.

பகலெல்லாம் கடலடியில் கிடக்கிற மனிதன் கரையில் இருக்கிற நாளிலும் கடலடிக்கே போவானா என்று ஏஞ்சலின் கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆனால் ஜெனோ அதில் கெட்டிக்காரன்தான். மணல் லேசாகப் புடைத்திருந்தால் அதற்குக் கீழே திருக்கை படுத்திருக்கிறது என்பான். பாசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் போகாதே, விலாங்கு வாயைத் திறந்து வைத்திருக்கும் என்பான். விளையாட்டைச் செய்தவனும் கடலில் குளித்தவன்தான் போலிருக்கிறது, பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது.

தங்கக் கணவாய் மட்டும் அகப்படவில்லை. இருட்டுப் பள்ளம் என்று ஒரு இடம், ஆழத்திலும் ஆழம். அங்கே மட்டும்தான் அது இருக்கிறது. விளக்கைப் போட்டால் வராது. விளக்கை அணைத்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. பயந்தால் மையைக் கக்கிவிட்டு ஓடும். அந்த மை கலைவதற்குள் அதன் பின்னாலேயே போய்ப் பொந்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பொந்தின் வாயில் அசையாமல் கிடக்கவேண்டும். பாறை நிறம், பாசி நிறம், மணல் நிறம் என்று மாறி மாறி நம்மை ஏமாற்றிவிட்டு, வெளியே வரும்போது கண் மூடித் திறக்கிற நேரம் வெளுக்கும். அப்போது வீசினால் உண்டு, தவறினால் மறுபடி பள்ளத்துக்கு முதலிலிருந்து இறங்கவேண்டியதுதான். தூத்துக்குடியிலேயே அதை யாரும் பிடிக்கவில்லை என்று ரெனிஷ் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் ஜெனோ அந்தப் பொந்தின் வாயில் கிடந்தான். பிள்ளைகள் இரண்டும் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஏஞ்சலின்கூட வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கணவாய் தலையை நீட்டியது. பாறை நிறம் போயிற்று, பாசி நிறம் போயிற்று. ஓரம் தங்கமாக மின்ன, நடு உடம்பு வெளுக்கத் தொடங்கியது. ஜெனோவின் விரல் வலைக்குப் போனது. அந்த நேரத்தில் அவன் திரை சாம்பலாகிவிட்டது. நாலு குமிழி மேலே போனது. 'உங்கள் துணைவர் கயிற்றை விட்டுவிட்டார்' என்று எழுத்து வந்து நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெனிஷ் சிரித்தான். ஸ்டேட்டஸில் போடுவதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன் என்று விரலை எடுத்திருந்தான். "சாரி அத்தான். ஆனா படம் விழுந்திருச்சு பாருங்க," என்று போனை நீட்டினான்.

ஜெனோ அதைப் பார்க்கவில்லை. சாம்பல் திரை தானாக அணைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மச்சானை ஒரு பார்வை பார்த்தான். சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். காலையில்தான் இந்த வீம்பு.

விளையாட்டில் விரலை எடுத்ததும் கடலில் கயிற்றை விட்டதும் ஒன்றா என்று ஏஞ்சலின் கேட்டாள். பிள்ளைகளே தோற்றால் அழுதுவிட்டு அடுத்த ஆட்டம் ஆடுகின்றன, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டாள். என் கூடப்பிறந்தவனை வாசலில் வைத்து வேண்டாம் என்று சொல்ல எப்படி மனது வந்தது என்றும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் சொன்ன பதில் ஒன்றுதான்.

"அவன் விட்டுட்டான் ஏளா."

ஜேசுபாதத்துக்கு ஒரு நாள் கடல் போய்விட்ட எரிச்சல். டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் திரேஸ்புரமே சிரித்தது. பக்கத்து வீட்டு கிளாடிஸ் துணி காயப்போடுகிற சாக்கில் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, கணவாய் திரும்ப வந்துவிட்டதா என்று விசாரித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள், அப்பாவை எல்லோரும் கணவாய்க்காரர் என்கிறார்கள் என்று அழுதாள். ஜெனோ எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி வந்து நின்ற ஜேசுபாதத்திடம், நாளைக்கு எங்கள் அண்ணன் பவுல் கயிறு பிடிப்பான் என்று சொல்லி அனுப்பினான்.

இதுதான் ஏஞ்சலினால் தாங்க முடியாமல் போனது. பவுலா? கூடப்பிறந்த அண்ணனா? ஊரில் ஒருவரும் செய்யாத காரியம். அண்ணன் கயிறு பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? மச்சானை நம்பவில்லை என்று அர்த்தம். அவள் பிறந்த வீட்டையே கடற்கரையில் நிறுத்திக் காறித் துப்பியது போல. ஒரு பொம்மைக் கணவாய்க்காக! அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மன்னிப்பைக் கேட்க வைத்து, இந்தக் கூத்தை இன்றைக்கே முடித்துவிடுவது என்று கிளம்பினாள்.

ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவள் பிறந்த வீடு. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ரெனிஷ் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவனுக்கும் கோபம் வேண்டிய மட்டும் இருந்தது.

"கடல்லயா விட்டேன்? போன்லதானக்கா விட்டேன்? அதுக்கு ஊரக் கூட்டி அசிங்கப்படுத்துதாரு."

ஏஞ்சலின் ஆமாம் போட்டாள். அவன் பக்கம்தான் நியாயம் என்றாள். இருந்தாலும் வயதில் மூத்தவர், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துபோய்விடமாட்டாய் என்றாள். முரண்டு பிடித்துப் பிடித்துக் கடைசியில் சரி என்றான். சட்டையைத் தேடி உள்ளே போகும்போது போனை அவள் கையில் கொடுத்து, நீயே பார், எப்பேர்ப்பட்ட படம் என்றான்.

இரண்டு வீட்டிலும் தீயை வைத்த அந்தச் சனியனை நாமும்தான் பார்ப்போமே என்று அவளும் வாங்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஓரமெல்லாம் தங்கம், நடுவில் பால் வெள்ளை. பெரிதாக்கிப் பார்க்கப் போய் விரல் வழுக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வீடியோ ஓட ஆரம்பித்தது.

அவளுக்குத் தெரிந்த வீடியோதான். கடல் கலங்குவதற்கு முந்தின வாரம் ரெனிஷ் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். வள்ளத்தைச் சுற்றி ஓங்கல் கூட்டம், டால்பின்கள், துள்ளித் துள்ளிக் குதிக்கும். இவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கையில் போனைப் பிடித்து, மறுகையால் ஓங்கல்களைக் காட்டிச் சிரிப்பான். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவளும் ஒரு சிவப்பு இருதயம் போட்டிருந்தாள்.

ஒரு கையில் போன். ஒரு கை ஓங்கலைக் காட்டுகிறது.

ஏஞ்சலின் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டாள். இந்த முறை ஓங்கலைப் பார்க்கவில்லை. ரெனிஷின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கம்ப்ரசர் ஓடுகிறது. மஞ்சள் டியூப் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஜேசுபாதம் எஞ்சின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வள்ளம் நகராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கயிறு வள்ளத்தின் குறுக்குப் பலகையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. அந்தக் கயிறு இரண்டு தடவை வெட்டி இழுக்கிறது. நிற்கிறது. மறுபடி இழுக்கிறது. பிறகு விடாமல், முடிச்சே தெறித்துவிடும் போல, இழுத்துக்கொண்டே இருக்கிறது. முன்னால் இவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அதோடு வீடியோ முடிகிறது.

சட்டையை மாட்டிக்கொண்டு ரெனிஷ் வெளியே வந்தான்.

"ஏலே, இது எடுக்கும்போது அத்தான் எங்க இருந்தாரு?"

"கீழதான் இருந்தாரு."

"கயிறு?"

"அதான் கட்டியிருக்குல்லா. எங்க ஓடிப் போவும்?" என்றான். "ஒரு நிமிசம்க்கா. ஓங்கல் என்ன தினமுமா வருது?"

அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, கயிறு துடிக்கிற இடத்தில் நிறுத்திக் காட்டினாள். அவன் அதை இதுவரை பார்த்ததே இல்லை போலிருந்தது. முகம் ஒரு மாதிரி போயிற்று. ஒன்றும் ஆகவில்லையே, அவரே ஏறி வந்துவிட்டாரே என்று முணுமுணுத்தான்.

ஆமாம், அவரே ஏறித்தான் வந்தார். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜெனோ மூக்கில் இரத்தம் உறைந்து வீட்டுக்கு வந்தான். தலை வெடிக்கிறது என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். மெதுவாக ஏறி வரவேண்டும் என்று இத்தனை வருஷத் தொழிலில் தெரியாதா, என்ன அவசரம் என்று அவள்தான் அவனைக் கிழி கிழி என்று கிழித்தாள். ஆவி பிடிக்கப் போர்வையைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் திறந்து, தம்பியின் ஓங்கல் வீடியோவுக்கு இருதயம் போட்டாள். புருஷன் உயிருக்குத் துடித்ததற்கு இருதயம். கை தானாக ஓங்கியது. அடிக்கவில்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வரட்டுமா என்று பின்னாலிருந்து தம்பி கேட்டது அவளுக்குக் காதிலேயே விழவில்லை.

வரும் வழியெல்லாம் கோபம் யார் மேல் என்றே அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தம்பி மேல், தன் மேல், டீக்கடை மேல், கிளாடிஸ் மேல்கூட. வீட்டுக் கொல்லையில் ஜெனோ வலைப்பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள். ஓங்கல் வந்த அன்றைக்குக் கீழே என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

"டியூப் பாறையில மாட்டி மடங்கிக்கிச்சு. காத்து வரல. கயித்த இழுத்தேன், பதில் இல்ல. எப்படியோ நானே உருவிக்கிட்டு வந்துட்டேன்," என்றான். "மேல வந்து பாத்தா கயிறு அவன் கையிலதான் இருந்துச்சு. நீரோட்டத்துல தெரியல அத்தான்னான். நானும் நம்பிட்டேன்."

"இப்ப எப்படி நம்பிக்கை போச்சு?"

"நேத்து விரல எடுத்துட்டுச் சிரிச்சாம்லா. அந்தச் சிரிப்பப் பாத்தேன். அன்னைக்கும் இப்படித்தான் விட்டிருப்பான்னு தெரிஞ்சு போச்சு."

இதை முதலிலேயே என்னிடம் ஏன் சொல்லவில்லை, ஊரெல்லாம் கைகொட்டிச் சிரிக்கிறதே என்று அவள் கேட்டாள். அவன் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டான்.

"கணவாய்க்காகச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். மச்சான் கயித்த விட்டான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? உன் தம்பில்லா."

ஏஞ்சலின் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். இப்படி ஒரு மனிதனைப் பிடித்துக் காலையிலிருந்து பாத்திரத்தை உருட்டினோமே என்று அழுதாள். ஆனால் அழுகை ஓய்ந்ததும் கோபம்தான் பாக்கி இருந்தது, முன்னைவிடப் பெரிதாக. தாலி அவளுடையது. அதைப் பலகையில் கட்டிப் போட்டுவிட்டு ஒருவன் ஓங்கல் பார்த்திருக்கிறான். அதை மறைத்து வைத்து இன்னொருவன் கௌரவம் காப்பாற்றியிருக்கிறான். ஒருவனாவது அவளிடம் வந்து சொன்னானா? இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்களா? இவள் அப்பாவும் சங்குகுளிகாரர்தான். நடை பழகும்போதே இரண்டு இழுப்புக்கும் விடாத இழுப்புக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டவள் இவள்.

மறுநாள் விடிந்ததும் ஜெனோவுக்கு முன்னால் அவள் கடற்கரையில் நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகி, கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள். வள்ளங்கள் வரிசையாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. பவுல் விருப்பமில்லாத முகத்தோடு ஜேசுபாதத்தின் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றான். யாரோ போய்ச் சமாதானம் சொல்லி ரெனிஷையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன் அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கணவாய்ச் சண்டை எப்படி முடிகிறது என்று பார்க்க நாலு பேர் கூடியிருந்தார்கள். ஒருவன் ஜெனோவைப் பார்த்துக் கையைக் கணவாய் மாதிரி நெளித்துக் காட்டினான். சிரிப்பு எழுந்தது.

ஏஞ்சலின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, வள்ளத்துக்குள் கிடந்த கயிற்றின் நுனியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஜேசுபாதம் பதறிப்போனார். பெண்கள் வள்ளத்தில் ஏறுகிற வழக்கம் கிடையாது என்றார். கடல் ஆகாது என்றார். கூட்டத்தில் இருந்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வழக்கத்தத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். கயிறு பிடிக்கவன் என் தாலிக்குப் பயந்து பிடிக்கணும், அதான வழக்கம்? இவன் பயப்படல. போன்ல மட்டும் இல்ல, ஓங்கல் வந்த அன்னைக்குக் கயித்தப் பலகையில கட்டிப் போட்டுட்டு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான். இவரு கீழ காத்து இல்லாம இழுத்துக்கிட்டுக் கிடந்தாரு. என் தாலிக்கு என்னவிட எவன் பயப்படுவான்? நான் பிடிக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நெளித்துக் காட்டியவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஜேசுபாதம் தன் வள்ளத்தின் குறுக்குப் பலகையை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் வள்ளத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த காரியம். அதற்கு மேல் வழக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஜெனோ வள்ளத்தின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஏறு," என்றான்.

கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ரெனிஷ் யாரும் சொல்லாமலே போனை எடுத்துப் பவுலின் கையில் கொடுத்துவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கரை கோடாகத் தெரிகிற தூரத்தில் ஜெனோ இறங்கினான். டியூப் சுருள் சுருளாகப் பிரிந்து போனது. கயிறு அவள் விரல்களுக்குள் ஓடி ஓடி நின்றது. வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. முதல் தடவை கடலுக்கு வருகிற உடம்பு சும்மா இருக்குமா? குடித்த காபி, தின்ற இட்லி எல்லாம் வெளியே வந்தது. விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். கயிறு கையிலேயே இருந்தது. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. வாயைத் துடைக்காமலே ஒரு இழுப்பு பதில் கொடுத்தாள். இரண்டு வந்தபோது பையைத் தூக்கச் சொல்லித் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வலம்புரி உண்டா என்று ஜேசுபாதம் வழக்கம்போலப் பையைத் துழாவினார். பிறகு தெற்கே கை நீட்டி, அந்தா பாரு ஓங்கல் என்றார். ஏஞ்சலின் கயிறு தண்ணீருக்குள் போகிற இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரெனிஷும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. உப்புத் தண்ணீரில் ஊறிய கயிறு பழக்கமில்லாத உள்ளங்கையை அறுத்து, நாரெல்லாம் சிவப்பாகிவிட்டது. ரெனிஷ் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்ப்ரசரை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் நீட்டினான்.

"கை கிழிஞ்சிருச்சுக்கா. குடு, நான் பிடிக்கேன். சத்தியமா விடமாட்டேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொல்வது உண்மை என்றுதான் அவளுக்குப் பட்டது. இனி அவன் விடமாட்டான். அந்த நேரம் கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தது. ஒரு இழுப்பு பதில் கொடுத்தாள்.

"உன் கையில குடுக்கணும்னா நான் விடணும்லா," என்றாள்.

விடவில்லை.